சறுக்கத் தெரியாதவர்களுக்கான பனிமலையூர்: சுவிஸ் குடும்ப விடுமுறைக்கு ஊரும் சமையலறையுள்ள வீடும் தெரிவு செய்தல்

மட்டக்களப்பில் எங்கள் கல்லடித் தெருவில் இருபது வீடுகளுக்குள் ஆறு வீட்டுப் பிள்ளைகள் சுவிஸில் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் பெற்றோரையோ சகோதரங்களையோ அங்கு அழைக்கிறார். அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கோடைகாலத்தில் சென்று, டிட்லிஸ் மலையில் ஒரு நாள் பனியைக் கையால் தொட்டுப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் மலையூர் ஒன்றில் வீடெடுத்து, ஒரு கிழமை தாமே சமைத்துத் தங்குவது இதிலிருந்து முற்றிலும் வேறான காரியம். அதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே கணக்குப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

பனிச்சறுக்கு ஊர்களைப் பற்றிய அறிவுரைகளைச் சறுக்கத் தெரிந்தவர்கள் சறுக்கத் தெரிந்தவர்களுக்காகவே எழுதுகிறார்கள். எத்தனை கிலோமீற்றர் சறுக்குத் தடம் உண்டு, ஆட்களை மலைமேல் ஏற்றும் இழுவைகள் எத்தனை உண்டு, இரவில் என்ன கொண்டாட்டம் உண்டு என்பவற்றை வைத்தே அவர்கள் ஊர்களை வரிசைப்படுத்துகிறார்கள். எங்கள் குடும்பத்திலிருந்து போனவர்கள் ஐந்து பேர்: முழங்கால் வலியுள்ள என் அம்மா, நானும் கணவரும், பன்னிரண்டு வயது மகன், ஆறு வயது மகள். இவர்களில் சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டியவர்கள் இருவர்தான். மற்ற மூவருக்கும் 200 கிலோமீற்றர் தடத்தால் ஒரு பயனும் இல்லை. ஆகவே இங்கு நான் சொல்லும் முறை தலைகீழானது. சறுக்காதவரை வைத்து ஊரையும், சமைப்பவரை வைத்து வீட்டையும் தெரிவு செய்ய வேண்டும். சறுக்கப் போகிறவர் எங்கும் சமாளித்துக்கொள்வார்.

காலத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுதல்

அங்கே விலை ஏறி இறங்குவது பாடசாலை விடுமுறைகளைப் பொறுத்தது. நத்தார் முதல் புத்தாண்டு முடியும் வரையுள்ள நாட்கள் மிகுந்த விலைக்குரியவை. பெப்ரவரியில் ஒவ்வொரு மாநிலமும் வெவ்வேறு கிழமைகளில் பிள்ளைகளுக்குக் குளிர்கால விளையாட்டு விடுமுறை விடுவதால், அந்த மாதம் முழுவதும் வீடு கிடைப்பது கடினம். இவ்விரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ சனவரி எட்டாம் திகதி தொடங்கி மாத முடிவு வரை, விலை தணிந்து இழுவைகளில் வரிசை குறைந்திருக்கும். பனியும் பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும். பகல் குறுகியது, குளிர் கடுமையானது என்பவை இக்காலத்தின் குறைகள்.

இந்தக் காலத்திலும் சில ஊர்களைத் தவிர்க்க வேண்டும். டாவோஸில் சனவரியில் உலகப் பொருளாதார மன்றம் கூடும் நாட்களில் அறை கிடைப்பது அரிது. வெங்கனில் சனவரி நடுப்பகுதியில் லாபர்ஹோர்ன் சறுக்கோட்டப் போட்டியும், அடெல்போடனில் அதற்குச் சற்று முன்னர் மற்றொரு உலகக் கிண்ணப் போட்டியும் நடைபெறும். அந்நாட்களில் தொடருந்திலேயே நிற்க இடமிராது.

சுவிஸில் வாழும் உறவினரின் பிள்ளைகளுக்கு அப்போது பாடசாலை நடக்கும் என்பது நம்மவர்களுக்கு உண்டாகும் பெரிய சிக்கல். என் தங்கச்சியின் குடும்பம் பேர்ண் நகரில் இருப்பதால், அவர்கள் வார இறுதியில் மட்டும் எங்களோடு வந்து தங்குவது என்று தீர்மானித்தோம். சனிக்கிழமை வீட்டைப் பொறுப்பேற்கும் முறை அங்கு பரவலாக இருப்பதால் முதல் ஞாயிறு அவர்களுக்கு வாய்த்தது. நாங்கள் போன ஆண்டில் தைப்பொங்கல் அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. அதைப் பற்றிச் சமையலறைப் பகுதியில் சொல்கிறேன்.

நம் பக்கத்து நாட்காட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கு பாடசாலைத் தவணைத் திகதிகள் சில ஆண்டுகளாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பயணச்சீட்டு எடுக்குமுன் அதிபரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கார்த்திகை முதல் தை வரை மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவமழைக் காலம். வெள்ளம் வந்தால் கொழும்பு வீதியும் புகையிரதப் பாதையும் தடைப்படலாம் என்பதால், விமானத்துக்கு முதல் நாளில்லாமல் அதற்கும் முந்திய நாளே கொழும்பு சென்றுவிட வேண்டும். படுவான்கரையிலும் அம்பாறையிலும் பெரும்போக வயல் வைத்திருப்போர் அறுவடைக்கு முன் திரும்பிவிடலாம் என்பதும் சனவரிப் பயணத்துக்குள்ள ஒரு வசதி.

உயரமும் பனியும்

நம்மவர் பேச்சில் பனி என்பது மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் ஈரம். மலையூரின் பனி அப்படித் தானாக ஒவ்வொரு நாளும் வந்து நிற்பதில்லை. அது உயரத்தையும் அந்த ஆண்டின் குளிரையும் பொறுத்தது. 2023 புத்தாண்டு நாட்களில் ஐரோப்பாவில் வெப்பம் வழமைக்கு மாறாக உயர்ந்ததால், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தாழ்ந்த ஊர்களில் பல தடங்கள் புல்லும் சேறுமாகக் கிடந்தன. எனவே ஊரின் உயரத்தோடு சறுக்கும் இடத்தின் உயரத்தையும் பார்க்க வேண்டும். இவை வேறு வேறு எண்கள். கிரிண்டல்வால்ட் ஊர் ஏறத்தாழ 1,030 மீற்றரிலும் ஏங்கல்பேர்க் ஏறத்தாழ 1,000 மீற்றரிலும் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து இழுவையில் ஏறினால் 2,000 மீற்றருக்கு மேல் சென்றுவிடலாம். அரோசா 1,775 மீற்றரிலும் சாஸ் பே 1,800 மீற்றரிலும் அமைந்திருப்பதால் வீட்டு வாசலிலேயே பனி நிற்கும். சனவரியில் போகிறவர்கள், தடங்களின் பெரும்பகுதி 1,500 மீற்றருக்கு மேலுள்ள ஊரைத் தெரிவு செய்தால் ஏமாற்றம் குறையும். வடக்கு நோக்கிய சரிவில் பனி நீண்ட நாள் கரையாமல் நிற்கும் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

உயரம் என்றதும் முதியோரைப் பற்றிய கவலை எழும். இதற்கு நம் நாட்டிலேயே அளவுகோல் உண்டு. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவு தங்கி மூச்சு முட்டாதவருக்கு மேற்சொன்ன ஊர்கள் எதிலும் தங்குவதில் தடையிராது. ஆனால் யுங்பிராவ்யொக் தொடருந்து நிலையம் 3,454 மீற்றரில் இருக்கிறது. செர்மாட்டிலிருந்து ஏறும் கிளைன் மாட்டர்ஹோர்ன் 3,883 மீற்றர். நம் பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவரையும் கைக்குழந்தையையும் மருத்துவரிடம் கேளாமல் அத்தனை உயரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் அம்மாவை நாங்கள் 2,200 மீற்றருக்கு மேல் கூட்டிச் செல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

காலை பத்து முதல் மாலை மூன்று வரை அம்மா என்ன செய்வார்?

ஊரைத் தெரிவு செய்ய நான் பயன்படுத்திய ஒரே வினா இதுதான். ஒவ்வோர் ஊரின் குளிர்கால வரைபடத்தையும் திறந்து வைத்துக்கொண்டு நான்கு விடயங்களைத் தேடினேன். முதலாவது, இருந்துகொண்டே ஏறி இருந்துகொண்டே இறங்கக்கூடிய மூடிய கூண்டு இழுவை. கதிரை போலத் திறந்திருக்கும் இழுவையில் முழங்கால் வலியுள்ளவர் ஏறி இறங்குவது ஆபத்தானது. சில இழுவைகள் சறுக்குக் கட்டை அணிந்தவர்களை மட்டுமே ஏற்றும். இரண்டாவது, நடப்பவர்களுக்காகப் பனியை அழுத்திச் சமப்படுத்திய குளிர்கால நடைபாதை. சுவிஸில் இதற்கு இளஞ்சிவப்பு வழிகாட்டிப் பலகை இருக்கும். மூன்றாவது, மேல் நிலையத்தில் வெயில் விழும் மாடமுள்ள உணவகம். நான்காவது, பனி கொட்டும் நாளில் போக உள்ளக நீச்சல் தடாகமோ, பனித்தரைச் சறுக்கு அரங்கோ, குறைந்தது ஒரு நல்ல பலகாரக் கடையோ.

இவற்றோடு, சறுக்குவண்டிப் பாதை இருக்கும் ஊருக்கு நான் கூடுதல் புள்ளி கொடுப்பேன். மரத்தாலான சிறு வண்டியில் இருந்து சரிவில் இறங்குவதற்கு வகுப்போ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. எங்கள் ஐந்து பேரில் நான்கு பேர் மிகவும் மகிழ்ந்தது இதில்தான். பாதை நீளமானால் வேகமும் கூடும் என்பதால் பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் அவசியம்.

மோட்டார் வண்டி நுழையாத ஊர்கள் சில உண்டு. செர்மாட், சாஸ் பே, வெங்கன், மூரன், பெட்மெரால்ப் ஆகியவை அவற்றுள் சில. பிள்ளைகளைத் தெருவில் பயமின்றி விடலாம் என்பது இவற்றின் நன்மை. ஆனால் வெங்கனுக்குப் பற்சக்கரத் தொடருந்திலும் பெட்மெரால்பிற்குக் கூண்டு இழுவையிலும்தான் போகலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கட்டிக்கொண்டு போன பெட்டிகளோடும், நகரத் தமிழ்க் கடையில் வாங்கிய அரிசிப் பையோடும் இரண்டு மூன்று இடங்களில் மாறி ஏறுவதை முன்கூட்டியே மனக்கண்ணில் பார்த்துவிட்டுத் தீர்மானிக்க வேண்டும். முதன்முறை போகிறவர்களுக்கு, தொடருந்து நேரே ஊருக்குள் போய் நிற்கும் இடங்களையே நான் சொல்வேன்: லுற்சேர்னிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் அடையும் ஏங்கல்பேர்க், கூர் நகரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அடையும் அரோசா, இன்டர்லாக்கன் வழியாகப் போகும் கிரிண்டல்வால்ட். உறவினர் எந்த நகரில் இருக்கிறாரோ அதற்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருப்பது நன்று. நோயோ மறந்துபோன மருந்தோ இருந்தால் அன்றே வந்து சேர்வார்கள்.

சறுக்கப் பழகுவோருக்கு ஊரில் தேவையானவை மிகக் குறைவு: தரையோடு நகரும் நாடா இழுவை, மென்மையான ஒரு சரிவு, ஆங்கிலத்தில் கற்பிக்கும் ஒரு சறுக்குப் பாடசாலை. தடங்களில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நீலத் தடம் பத்துக் கிலோமீற்றர் இருந்தாலே முதற்கிழமைக்கு மிச்சம்.

வீட்டின் விளம்பரத்தை வாசித்தல்

இங்கேதான் நாங்கள் இடறினோம். சுவிஸில் வீட்டின் அளவை அறைக் கணக்கில் சொல்வார்கள். அதில் வரவேற்பறையும் ஓர் அறையாக எண்ணப்படும். சமையலறையும் குளியலறையும் எண்ணப்படுவதில்லை. உணவு மேசைக்கான மூலையை அரை அறையாகச் சேர்ப்பார்கள். ஆகவே ‘மூன்றரை அறை வீடு’ என்றால் நம் கணக்கில் இரண்டு படுக்கையறை வீடு. ‘ஆறு பேர் உறங்கலாம்’ என்பதில் இருவர் வரவேற்பறையில் விரிக்கும் சாய்கதிரைக் கட்டிலில் உறங்குவார்கள். விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துத் தேநீர் வைக்கும் அம்மாவும், அந்தக் கட்டிலில் உறங்கும் மகனும் ஒரே அறையில் இருப்பார்கள் என்பதை நாங்கள் அங்கு போன பின்னரே உணர்ந்தோம். படுக்கையறைகளை மட்டும் எண்ணுங்கள். தளப்படம் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது தூரம். எங்கள் விளம்பரம் ‘இழுவைக்கு ஐந்து நிமிடம்’ என்றது. அது பொய்யில்லை, வெறுங்கையோடு இறங்கிப் போகும் இளைஞருக்கு ஐந்து நிமிடம்தான். வலிய சப்பாத்தும், தோளில் இரண்டு பேரின் சறுக்குக் கட்டைகளும், கையில் ஆறு வயதுப் பிள்ளையுமாக, உறைந்து வழுக்கும் ஏற்றத்தில் திரும்பி வர எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. முதல் நாளே அம்மா சொல்லிவிட்டார்: “குளிரைப் பொறுக்கலாம் மனே, இந்த வழுக்கலைத்தான் பொறுக்க ஏலாது.” ஆகவே வரைபடத்தில் சரிவைப் பாருங்கள், வீடு மேட்டில் இருந்தால் இலவசப் பேருந்து நிறுத்தம் எத்தனை அடியில் இருக்கிறது என்று உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள். சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்புப் பல் பட்டி ஒரு சோடி முதியவருக்கு வாங்கிக் கொடுத்தால், அந்தச் சிறு செலவு ஒரு எலும்பு முறிவைத் தவிர்க்கும்.

மாடம் எத்திசை நோக்கியது என்பதும் கேட்கத்தக்கது. சனவரியில் அங்கே சூரியன் தெற்குப் பக்கமாகத் தாழ்ந்து நகரும்; ஐந்து மணிக்கெல்லாம் இருண்டுவிடும். ஒடுங்கிய பள்ளத்தாக்கின் நிழற்பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு நாள் முழுவதும் வெயிலே வராது. வீட்டில் தங்கப் போகிறவருக்குத் தெற்கு நோக்கிய கண்ணாடிக் கதவு ஒன்று இருந்தால், பாதி விடுமுறை அந்தக் கதவடியிலேயே நன்றாகக் கழியும். மாடிப்படியைப் பற்றியும் கேட்க வேண்டும். மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி வீடுகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு.

வாடகையாக எழுதியிருக்கும் தொகை கடைசித் தொகையாக இருப்பதில்லை. ஒரு கற்பனைக் கணக்குப் பாருங்கள். கிழமைக்கு 1,400 பிராங்க் என்ற வீட்டுக்கு, இறுதித் துப்புரவுக் கட்டணம் 180, ஐந்து பேருக்குப் படுக்கை விரிப்பும் துவாயும் ஆளுக்கு 20 வீதம் 100, வளர்ந்தவர் மூவருக்கு இரவொன்றுக்கு 4 பிராங்க் வீதம் ஏழு இரவு வருகையாளர் வரி 84 என்று சேர்ந்தால் 1,764 ஆகிவிடும். எல்லாம் சேர்த்து 1,700 என்று விளம்பரம் செய்யும் வீடு அதைவிட மலிவு. வருகையாளர் வரி கட்டுவோருக்கு விருந்தினர் அட்டை தரும் ஊர்கள் பல. அதைக் காட்டி உள்ளூர்ப் பேருந்தில் இலவசமாகவும் நீச்சல் தடாகத்துக்குக் கட்டணக் கழிவோடும் போகலாம். அட்டையைக் கேட்டு வாங்காமல் விட்டவர்களை நான் அறிவேன்.

நம்மவர்களுக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒப்பந்தத்தில் ஐந்து பேர் என்று எழுதிவிட்டு வார இறுதியில் ஒன்பது பேர் உறங்குவது நமக்கு இயல்பான காரியம். பாயை விரித்தால் இடம் தானாக உண்டாகும். அங்கே அது ஒப்பந்த மீறல். தங்கச்சியின் குடும்பம் ஓர் இரவு தங்குவதை நாங்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டோம். உரிமையாளர் ஒரு சிறு தொகை பெற்றுக்கொண்டு சம்மதித்தார். இரவு பத்து மணிக்குப் பின்னும் ஞாயிறு முழுவதும் ஓசை எழுப்பக் கூடாது என்பதையும், கட்டிலில் தாவும் பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும்.

சமையலறை

வெளியே உண்பது அந்நாட்டில் மிகுந்த செலவு. ஐந்து பேருக்கு மலை உணவகத்தில் ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டில் மூன்று நாள் சமைக்கலாம். எனவே சமையலறையின் படத்தைப் படுக்கையறையின் படத்தைவிடக் கூர்ந்து பார்த்தேன்.

அடுப்பு எவ்வகை என்பதே முதற்கேள்வி. இரு வகைகளும் மேலே ஒரே கண்ணாடித் தட்டாகத் தெரியும். தூண்டல் அடுப்பானால் காந்தம் ஒட்டும் அடியுள்ள பாத்திரம் மட்டுமே சூடாகும். இங்கிருந்து கொண்டுபோகும் அலுமினியப் புட்டுப் பானையும் இடியப்பச் சட்டியும் அதில் வெறும் அலங்காரமே. மற்றது வெப்பக் கம்பி உள்ளே இருக்கும் கண்ணாடி அடுப்பு. அதில் அலுமினியப் பாத்திரமும் வேலை செய்யும். மண்சட்டி இரண்டுக்கும் உதவாது. அந்த வீடுகளில் பாற்கட்டி உருக்கும் சட்டி தவறாமல் இருக்கும்; ஆறு பேருக்குச் சோறு வடிக்கும் பானை இராது. ஐந்து லீற்றர்ப் பாத்திரம் உண்டா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் உறவினர் வீட்டிலிருந்து ஒன்றைத் தூக்கிச் செல்ல வேண்டும்.

மின் சோற்றுப் பானை மிக முக்கியம். 1,800 மீற்றர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். சோறும் பருப்பும் வேக நேரம் கூடும். பருப்புக்கு அழுத்தப் பானை இருந்தால் நல்லது. நம் சதுர முனைச் செருகி அங்குள்ள மூன்று வட்டத் துளைச் செருகுதுளையில் பொருந்தாது. பொருத்தி ஒன்றை அந்நாட்டிலேயே வாங்கலாம், அல்லது சோற்றுப் பானையை உறவினரிடமே கடன் கேட்கலாம். மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதால் அதில் வேறுபாடு இல்லை.

எதைக் கொண்டுபோகலாம் என்பதில் சுங்க விதி கண்டிப்பானது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டுசெல்லத் தடை. ஆகவே நெய்ப் போத்தலை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பச்சை மரக்கறி, பழம், இலை ஆகியவற்றையும் கொண்டுபோக முடியாது. நம் முற்றத்துக் கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் இதில் அகப்படும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி போன்ற சிலவற்றுக்கு விலக்கு இருந்தாலும், தேங்காயைச் சுமந்துபோய்த் துருவலையில்லாத வீட்டில் என்ன செய்வது? கறித்தூளும் வறுத்த அரிசிமாவும் மட்டும் நம்மிடமிருந்து போகட்டும். பேர்ண், சூரிச், லுற்சேர்ன் போன்ற நகரங்களில் தமிழ்க் கடைகள் உண்டு; கறிவேப்பிலையும் குத்தரிசியும் தேங்காய்ப்பாலும் அங்கே வாங்கிக்கொண்டு மலையேறுங்கள். மலையூரில் மிக்றோஸ் அல்லது கூப் கடையில் வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, கோழி எல்லாம் நகரத்துக்கு நெருங்கிய விலையில் கிடைக்கும். சனிக்கிழமை மாலை சேர்ந்தவுடன் ஒருவர் கடைக்கு ஓட வேண்டும். ஞாயிறில் பல கடைகள் பூட்டிக் கிடக்கும். குழாய்நீரைத் தாராளமாகக் குடிக்கலாம். தண்ணீர்ப் போத்தலுக்குச் செலவழிக்காதீர்கள்.

கருவாடும் பொரியலும் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். குளிருக்குச் சன்னலை மூடிய வீட்டில், சமையலறையும் வரவேற்பறையும் ஒன்றாக இருந்தால், தாளித்த மணம் திரைச்சீலையிலும் மெத்தையிலும் ஏறிவிடும். அடுப்பின் மேலுள்ள புகையுறிஞ்சிகளில் பல புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டி உள்ளேயே விடுபவை. கதவிட்டுப் பூட்டக்கூடிய தனிச் சமையலறையுள்ள பழைய வீடு, பளபளக்கும் புதிய வீட்டைவிட நமக்கு ஏற்றது. நாங்கள் மீனைப் பொரிக்காமல் ஆணம் எனும் குழம்பாக வைத்தோம், தாளிப்பைக் குறைத்தோம், சமைக்கும்போது பத்து நிமிடம் சன்னலைத் திறந்து வைத்தோம்.

பொங்கல் நாள் காலையில் வீடு முழுவதும் ஆட்கள். பால் பொங்கி வழிந்தால்தானே பொங்கல்? ஆனால் சீனி கலந்த நீர்மம் சூடான கண்ணாடி அடுப்பில் வழிந்து கருகினால் தட்டில் அழியாத குழி விழும். அதற்கான பணத்தை, வீட்டுக்காக முன்கூட்டிக் கட்டிய வைப்புத் தொகையில் கழித்துவிடுவார்கள். அம்மா அதற்கும் வழி கண்டுபிடித்தார். சர்க்கரை போடுமுன், பாலை மட்டும் உயர்ந்த விளிம்புள்ள வறுதட்டு ஒன்றில் வைத்த சிறு பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, அந்தத் தட்டுக்குள்ளேயே பொங்கி வழிய வைத்தார். பிறகு மாடத்தின் கதவைத் திறந்து, எதிர்மலை விளிம்பில் சூரியன் வரும்வரை, தலைமூடிய குல்லாயோடு படையலுக்குக் காவல் நின்றார். சூரியன் வர ஒன்பதரை ஆகிவிட்டது. கற்பூரமும் ஊதுபத்தியும் புகையுணர் கருவியை அலற வைக்கும் என்பதால், அவற்றை மாடத்திலேயே கொளுத்த வேண்டும்.

விசாவும் காப்புறுதியும்

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே கொடுக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருக்கும்போது கொடுப்பது வீண். கட்டணம் வளர்ந்தவருக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயது நிரம்பாதவருக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். பன்னிரண்டு நிரம்பிய பிள்ளை கைரேகையும் கொடுக்க வேண்டும். அழைக்கும் உறவினர் 30,000 பிராங்க் வரை பொறுப்பேற்கும் உறுதிப்பத்திரத்தில் கையொப்பமிட நேரலாம். அவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. தங்குமிட முற்பதிவையும் காட்ட வேண்டியிருப்பதால், விசா மறுக்கப்பட்டால் பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையுள்ள வீட்டையே பதிவு செய்யுங்கள்.

குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு நிறைவடைந்துவிடக் கூடாது. சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் குளிர்கால விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும். சரிவிலிருந்து மீட்டுக் கீழே கொண்டுவரும் செலவையும் உலங்குவானூர்திச் செலவையும் ஏற்கும் என்று எழுத்தில் இருக்கிறதா என வாசிக்க வேண்டும். அங்கு நோயாளர் வண்டிக்கு 144, வான்வழி மீட்புக்கு 1414. பனிச்சரிவு அபாயம் ஒன்று முதல் ஐந்து வரையான எண்ணால் நாள்தோறும் அறிவிக்கப்படும். நம்மவர்களுக்கு வழி எளிது: குறியிட்டுத் திறந்திருக்கும் பாதையை விட்டு ஓரடியும் வெளியே போகக் கூடாது.

உடுப்பும் கருவியும்

எதையும் இங்கே வாங்காதீர்கள். கனத்த மேலங்கியைச் சுவிஸில் உள்ள உறவினரும் அவர் நண்பர்களும் தருவார்கள். கருவிகளை ஊரிலேயே வாடகைக்கு எடுக்கலாம். உடலோடு ஒட்டும் உள்ளாடை மட்டும் பருத்தியாக இருக்கக் கூடாது, வியர்வையில் நனைந்தால் காயாது. சறுக்குச் சப்பாத்துக்குள் நீண்ட மெல்லிய காலுறை ஒன்றே போதும்; குளிருமென்று இரண்டு போட்டால் இரத்தோட்டம் குறைந்து கால் மேலும் விறைக்கும். வாடகைக் கடையில் உடல் நிறையைக் கேட்கும்போது கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். விழும்போது சப்பாத்தைக் கட்டையிலிருந்து விடுவிக்கும் பூட்டை அந்த எண்ணை வைத்தே இறுக்குகிறார்கள். பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் கறுப்புக் கண்ணாடியும் வெயில் களிம்பும் நம் தோலுக்கும் வேண்டும்.

பெரிய ஊர்களில் ஒரு நாள் இழுவைச் சீட்டு வளர்ந்தவருக்கு 70 பிராங்கைத் தாண்டிவிடும். முதல் இரண்டு நாளும் அதை வாங்க வேண்டியதில்லை. பழகும் சரிவுக்கு மட்டுமான மலிவுச் சீட்டைக் கேளுங்கள். பிள்ளைகளின் கூட்டு வகுப்புகள் பல ஊர்களில் ஞாயிறு அல்லது திங்களில் தொடங்குவதால், செவ்வாயில் போய்ச் சேர்க்கக் கேட்டால் இடமிராது. எங்கள் மகன் மூன்றாம் நாளே நீலத் தடத்தில் இறங்கினான்; கணவர் முதல் நாள் மாலையே கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சறுக்குவண்டிக்கு மாறிவிட்டார். அதனால்தான் கருவி வாடகையை முழுக் கிழமைக்கும் முதலிலேயே கட்டக் கூடாது என்கிறேன்.

வீட்டைத் திருப்பிக் கொடுத்தல்

சனிக்கிழமை காலை ஒன்பது பத்து மணிக்குள் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். இறுதித் துப்புரவுக்குப் பணம் கட்டியிருந்தாலும் பாத்திரம் கழுவுவதும், அடுப்பைத் துடைப்பதும், குப்பையை அகற்றுவதும் நம் வேலை. குப்பைக்கு வரி செலுத்திய தனிப் பை பல ஊர்களில் உண்டு. அந்தப் பையில் இடாமல் வைத்தால் தண்டம் விழும். போத்தல்களைத் தனியே கொண்டுபோய்ப் போட வேண்டும். வந்திறங்கிய அன்றே ஒவ்வோர் அறையையும் அடுப்பின் கண்ணாடியையும் திறன்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் வீட்டின் அடுப்பில் ஏற்கெனவே இருந்த ஒரு கீறலுக்கு அந்தப் படமே சாட்சி சொல்லி, 200 பிராங்க் வைப்புத் தொகை முழுவதையும் மீட்டுத் தந்தது.